இரண்டு பெட்டிகள்

செந்தூல் என்றதும் கோலாலம்பூர்வாசிகள் பலருக்கு நினைவுக்கு வருவது இரயில்வே பட்டறைதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐக்கிய மலாய் மாநிலங்களின் இரயில்வே தன் தலைமைப் பட்டறையை இங்கு அமைத்தது. நீராவி இயந்திரங்களைப் பழுதுபார்க்கவும் இரயில் பெட்டிகளைக் கட்டவும் ஆயிரக்கணக்கான கைகள் தேவைப்பட்டன. தமிழகம், யாழ்ப்பாணம், கேரளம், பஞ்சாப் எனப் பல திசைகளிலிருந்தும் மக்கள் வந்தனர். அவர்களுக்குக் கோயில் வேண்டியிருந்தது; ஆலயம் எழுந்தது. கத்தோலிக்கத் தமிழர்களுக்குப் புனித சூசையப்பர் தேவாலயம் அமைந்தது. பிள்ளைகளுக்குத் தமிழ்ப்பள்ளிகள் தோன்றின. வேலைக்காக வந்தவர்களின் தங்குமிடம் மெல்ல மெல்ல ஓர் ஊராயிற்று.

அப்படி வந்தவர்களுள் என் தாத்தாவும் ஒருவர். 1936ஆம் ஆண்டு, தமது பத்தொன்பதாவது வயதில், நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறினார். மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து, பினாங்கைக் கடந்து, இன்று கிள்ளான் துறைமுகம் என நாம் அழைக்கும் போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கினார். கையில் இருந்தது ஒரு தகரப் பெட்டி. அதில் இரண்டு வேட்டி, ஓர் ஊறுகாய்ச் சாடி, தாயார் முடிந்து கொடுத்த திருநீற்றுப் பொட்டலம்.

பட்டறையின் கொதிகலன் பிரிவில் எடுபிடியாகச் சேர்ந்தவர் பின்னர் ஃபிட்டர் ஆனார். ஓர் அறையில் ஐவர் தங்கியிருந்தனர். அந்த அறையில் எழுதப்படாத விதி ஒன்று இருந்ததாகத் தாத்தா சொல்வார்: புதிதாகக் கப்பலிலிருந்து வருபவனிடம் முதல் மாதம் சாப்பாட்டுக் காசு வாங்கக் கூடாது. அவன் யார், எந்தச் சாதி, எந்த மாவட்டம் என்று கேட்பதெல்லாம் பிறகுதான். முதலில் தட்டில் சோறு விழ வேண்டும்.

மாதந்தோறும் மணியார்டர் ஊருக்குப் போயிற்று. தகரப் பெட்டியும் சிறிது சிறிதாக நிறைந்தது. 1942ஆம் ஆண்டு பொங்கலுக்கு ஊர் போக வேண்டுமென்று தாயாருக்கு ஒரு சேலை வாங்கி அதில் வைத்திருந்தார். 1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவுக்குள் நுழைந்தனர். கப்பல் நின்றது, கடிதமும் நின்றது. 1945ஆம் ஆண்டு நேச நாட்டு விமானங்கள் செந்தூல் பட்டறையின்மீது குண்டு வீசின. போர் முடிந்து, 1946இல் வந்த முதல் கடிதம், தாயார் இறந்து மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டதைத் தெரிவித்தது. அன்று அறைத் தோழர்கள் வேலைக்குப் போகவில்லை. நாவிதரை அழைத்து வந்து, சமைத்து, தங்கள் வீட்டுச் சாவாகவே எண்ணிச் சடங்கை நடத்தி முடித்தனர். பெட்டியில் இருந்த அந்தச் சேலையைப் பின்னாளில் என் பாட்டி தம் திருமணத்தின் மறுநாள் கட்டிக்கொண்டார்.

இது தமிழர்களின் கதை மட்டும்தானா? அதே காலத்தில் கடல் கடந்த இன்னோர் இனத்தவர் பிலிப்பினோக்கள். 1892ஆம் ஆண்டு பிலிப்பைன்ஸின் தேசிய வீரர் ஹோசே ரிசால், நிலத்தை இழந்த தம் ஊர்க் குடும்பங்களைக் குடியேற்றுவதற்காக நம் சபாவிலுள்ள சண்டாக்கானுக்கு வந்து இடம் தேடினார். அத்திட்டம் கைகூடவில்லை. 1906 டிசம்பரில் 15 பிலிப்பினோக்கள் கரும்புத் தோட்ட வேலைக்காக ஹவாயில் இறங்கினர். அவர்களைத் தொடர்ந்து பல்லாயிரவர் சென்றனர். அத்தகைய ஒப்பந்தத் தொழிலாளர்களைச் 'சக்காடா' என்று அழைத்தனர். நம் முன்னோரைச் சஞ்சிக்கூலி என்று அழைத்தது போன்றதுதான் அது.

கோலாலம்பூருக்கும் அவர்கள் புதியவர்கள் அல்லர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிலாங்கூர் மாநில இசைக்குழு மணிலாவிலிருந்து வந்த கலைஞர்களைக் கொண்டு உருவாக்கப்பட்டது. ஒருவர் இரும்பைத் தட்டிப் பிழைக்க வந்தார். மற்றொருவர் எக்காளம் ஊதிப் பிழைக்க வந்தார். பிலிப்பினோ வழிவந்த இசைக் குடும்பத்தில் பிறந்த அல்போன்சோ சோலியானோ, 1961இல் அமைந்த நம் நாட்டு வானொலி இசைக்குழுவின் முதல் நடத்துநரானார். வந்தவர்களின் பிள்ளைகள் இந்நாட்டின் இசையாயினர்.

1974ஆம் ஆண்டு பிலிப்பைன்ஸ் அரசு வெளிநாட்டு வேலைவாய்ப்பை முறைப்படுத்தச் சட்டம் இயற்றியது. அதன்பின் தாதியர், மாலுமிகள், இல்லப் பணியாளர்கள் எனப் பலர் உலகமெங்கும் பரவினர். இன்று ஞாயிற்றுக்கிழமை கோத்தா ராயா பக்கம் சென்றால் அவர்களைப் பார்க்கலாம். காலையில் புக்கிட் நானாசில் உள்ள செயின்ட் ஜான் பேராலயத்தில் வழிபாடு. பிறகு வீட்டுக்குப் பணம் அனுப்புதல், ஊர்ச் சாப்பாடு, தாய்மொழியில் பேச்சு. வாரத்தில் ஆறு நாள் பிறர் வீட்டில் வாழ்பவர்களுக்கு அந்த ஒரு நாள்தான் தங்கள் வீடு.

எங்கள் அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுப் பாட்டியைக் கவனித்துக்கொள்ளும் பெண்மணி பிலிப்பைன்ஸைச் சேர்ந்தவர். நாங்கள் அவரை 'அக்கா' என்றே அழைக்கிறோம். ஆறு ஆண்டுகளில் இரசம் வைக்கக் கற்றுக்கொண்டார். அவரது அறையின் மூலையில் எப்போதும் ஓர் அட்டைப் பெட்டி இருக்கும். ஊர் திரும்புபவர் என்னும் பொருளில் அதனைப் 'பாலிக்பாயான்' பெட்டி என்பார்கள். சவர்க்காரம், காப்பிப் பொட்டலம், சாக்லேட், துண்டு என்று மாதக்கணக்கில் அதை நிரப்பிக் கப்பலில் அனுப்புவார். சென்ற முறை மகனுக்குப் பள்ளிக் காலணி வாங்கியிருந்தார்.

"மகன் கேட்ட அளவைவிட ஓர் எண் பெரியதாக வாங்குவேன். பெட்டி போய்ச் சேர்வதற்குள் கால் வளர்ந்துவிடும்," என்றார்.

அவர் இங்கு வந்தபோது மகனின் காலணி அளவு மூன்று. இப்போது எட்டு. இடைப்பட்ட எண்களையெல்லாம் அவர் கடையில்தான் பார்த்திருக்கிறார், காலில் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி இரயில்வே ஊழியரின் மனைவி. பெட்டி கட்டுவது என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். பெட்டியை மூடும் முன் ஒரு புட்டிக் கோடாலித் தைலத்தை எடுத்து வந்து, துண்டில் சுற்றி உள்ளே வைத்தார். என் தாத்தாவின் தகரப் பெட்டியிலும் ஒவ்வொரு பயணத்திலும் கோடாலித் தைலம் ஊருக்குப் போனதுண்டு.

இரண்டு பெட்டிகளும் ஒன்றுபோல் தோன்றினாலும் ஒரு வேறுபாட்டை நாம் மறக்கக் கூடாது. என் தாத்தா இங்கே மணமுடித்தார், பிள்ளைகளைப் பெற்றார், 1957இல் நாடு விடுதலை பெற்ற பிறகு குடியுரிமையும் பெற்றார். அக்கா தற்காலிக வேலை அனுமதியில் இருப்பவர். குடும்பத்தை அழைத்து வர அவருக்கு அனுமதியில்லை. ஒப்பந்தம் முடிந்தால் திரும்ப வேண்டும். தாத்தாவுக்குக் கடிதம் வர மூன்று வாரமாகும். ஆனால் அவர் ஊன்றிய வேர் இங்கே தங்கியது. அக்கா இரவுதோறும் கைப்பேசியில் மகன் முகத்தைப் பார்க்கிறார். ஆனால் அவர் இங்கே வேரூன்ற இடமில்லை.

எல்லாச் சட்டங்களையும் மாற்றுவது நம் கையில் இல்லாமலிருக்கலாம். எனினும், வீட்டளவில் செய்யக்கூடியவை பல உள்ளன. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு தருவது, சம்பளத்தை உரிய நாளில் கொடுப்பது, அவரது கடப்பிதழை அவரிடமே விட்டு வைப்பது ஆகியவை சலுகைகள் அல்ல. ஒருவரின் கடப்பிதழை அதிகாரமின்றிப் பிறர் வைத்திருப்பது நம் நாட்டுச் சட்டப்படி குற்றமாகும். அவரைப் பெயர் சொல்லியோ உறவு சொல்லியோ அழைப்பதற்குச் சட்டம்கூடத் தேவையில்லை.

செந்தூல் பட்டறையின் பணிகள் இன்று பேராக்கின் பத்து காஜாவுக்கு இடம் மாறிவிட்டன. அங்கு உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் மருத்துவர்களாகவும் ஆசிரியர்களாகவும் வணிகர்களாகவும் உள்ளனர். நம் பாட்டனாரின் கதையைப் பெருமையோடு சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். அக்கதையைச் சொல்லும் உரிமையோடு ஒரு கடமையும் நம்மிடம் வந்து சேர்கிறது. முதல் மாதம் காசு வாங்காமல் சோறு போட்ட அந்த ஐவருக்கும் பெரிய வருமானம் இருந்ததில்லை. புதிதாக வந்தவனின் நிலை என்ன என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அது நமக்கும் தெரிந்திருக்க வேண்டும்.