படவேட்டு அம்மனிடம் விடைபெற்று

கடல் கடந்து வாழும் பிள்ளைகள், "ஆறு மாதமாவது எங்களுடன் வந்து இருங்கள்" என்று அழைப்பது இன்று நம் அன்பர்கள் பலருடைய இல்லங்களிலும் நிகழ்வதுதான். எங்கள் இல்லத்திற்கும் அவ்வழைப்பு வந்தது. மகன் ஆஸ்திரேலிய நாட்டின் மெல்போர்ன் நகரில் குடியேறிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. தை மாதத்தில் புறப்படுவதாக முடிவாயிற்று. நானும் என் மனைவியும் எழுபதைக் கடந்தவர்கள். இராமேசுவரம், காசி என்று யாத்திரை சென்றிருக்கிறோமேயன்றி, வேற்று நாட்டு மண்ணை மிதித்ததில்லை.

பயணச்சீட்டு வந்த நாளிலிருந்து என் மனைவியின் முகம் வாடியே இருந்தது. ஒருநாள் இரவு மெல்லச் சொன்னாள்: "என்னங்க, போய் வருவதில் எனக்கு மறுப்பில்லை. போன இடத்திலேயே ஏதாவது ஆகிவிட்டால்? அம்மனை ஒருமுறை பார்த்துச் சொல்லிவிட்டுப் போகலாம்."

எங்கள் குலதெய்வம் படவேடு ரேணுகாம்பாள். வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் வழியில் சந்தவாசலில் திரும்பினால், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், கமண்டல நாகநதியின் கரையில் அத்திருத்தலம் அமைந்துள்ளது. ஒருகாலத்தில் சம்புவராய மன்னர்களின் தலைநகராய் விளங்கிய ஊர். படைவீடு என்னும் பெயரே படவேடு என மருவியது. இன்று வாழைத் தோட்டங்களும் நெல்வயல்களும் சூழ்ந்த அமைதியான சிற்றூர். ஜமதக்னி முனிவரின் பத்தினியும் பரசுராமரின் அன்னையுமாகிய ரேணுகாதேவி, இங்கே சிரசு வடிவில் எழுந்தருளி அருள்பாலிக்கிறாள்.

மார்கழியில் படவேட்டிற்குப் புறப்பட்டோம். தரிசனத்திற்குப் பின் மலைமேல் ஏறி ஜமுனாமரத்தூரில் இரண்டு இரவுகள் தங்குவதென்று திட்டமிட்டேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது. பெரும் பயணத்திற்கு எடுத்து வைத்த பொருள்களில் கையோடு கொண்டு செல்லும் பையையும் ஒரு பெட்டியையும் அப்படியே எடுத்துக்கொண்டோம். குளிரும் பழக்கமில்லாத அறையும் வேறு உணவும் உள்ள ஓர் இடத்தில் இரண்டு நாள் வாழ்ந்து பார்த்தால், எது வேண்டும், எது வேண்டாம் என்பது விளங்கிவிடும் என எண்ணினேன். அந்த ஒத்திகை எங்களுக்குப் பெரிதும் உதவியது. ஆகவே அதனை விரிவாகவே எழுதுகிறேன்.

படவேட்டில் அம்மனைக் கண்குளிரத் தரிசித்தோம். இத்தலத்தில் வழங்கப்படும் திருநீறு தனிச்சிறப்புடையது. அது சாம்பல் அன்று, மண். ஜமதக்னி முனிவர் வேள்வி செய்த இடத்திலிருந்து ஆனித் திருமஞ்சனத்தன்று எடுக்கப்படும் மண்ணே இங்கு அன்பர்களுக்குத் திருநீறாக அளிக்கப்படுகிறது. என் மனைவி அதனை இரு கைகளாலும் ஏந்தி வாங்கி, பொட்டலமாக மடித்து, கைப்பையின் உள்ளறையில் பத்திரப்படுத்தினாள். "இது என்னோடு இருந்தால் போதும்" என்றாள். குடிபெயரும் குடும்பங்கள் குலதெய்வத்தின் கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துச் சென்று புதிய ஊரில் வைத்து வணங்குவது நம் முன்னோர் வழக்கமன்றோ!

ஆனால் நான் ஏற்கெனவே விதிகளைப் படித்திருந்தேன். ஆஸ்திரேலியா தன் வேளாண்மையை நோய்களிலிருந்தும் பூச்சிகளிலிருந்தும் காத்துக்கொள்ளக் கடுமையான விதிகளை வைத்துள்ள நாடு. பழம், காய், பூ, வெற்றிலை, துளசி ஆகியவற்றுக்கு அங்கே அனுமதி இல்லை. மண்ணுக்கும் இல்லை. காலணியில் ஒட்டியிருக்கும் மண்ணைக்கூடத் துடைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். இதனை அவளிடம் சொல்ல எனக்கு அப்போது மனம் வரவில்லை.

மலைப்பாதையில் ஏறினோம். திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலை, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. செய்யாறு இங்கேதான் பிறக்கிறது. சாமையும் புளியும் தேனும் இம்மலையின் செல்வங்கள். இங்கு வாழும் பழங்குடி மக்களை மலையாளிகள் என்பர். மலையை ஆள்பவர் என்ற பொருளில் வழங்கும் பெயர் அது. இவர்களின் மொழி தமிழே.

இவர்கள் இம்மலைக்கு வந்த வரலாறாக ஒரு கதை, ஆங்கிலேயர் காலத்து வட ஆற்காடு மாவட்டக் கையேட்டில் பதிவாகியுள்ளது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் கதை. காஞ்சிபுரத்து வேளாளர் குலப் பெண்கள் எழுவரைக் கங்குந்தி வேடர்கள் கவர்ந்து சென்றனர். அவர்களை மீட்க ஏழு ஆடவர், ஏழு நாய்களுடன் புறப்பட்டனர். புறப்படும்போது தம் மனைவியரிடம், "நாய்கள் மட்டும் தனியே திரும்பினால் நாங்கள் இறந்தோம் என்று கொண்டு, செய்ய வேண்டியவற்றைச் செய்துவிடுங்கள்" என்று சொல்லிச் சென்றனர். பாலாற்றில் வெள்ளம். ஆடவர் எழுவரும் நீந்திக் கரையேறினர். நாய்களோ பாதி ஆற்றில் அஞ்சித் திரும்பி, காஞ்சிக்கு ஓடி வந்துவிட்டன. சென்ற காரியம் முடித்து எழுவரும் வீடு திரும்பியபோது, அவர்களுக்கு ஈமக்கடன்கள் முடிந்திருந்தன. மனைவியர் கைம்மை பூண்டிருந்தனர். உயிரோடு வந்தவர்களுக்கு ஊரில் இடமில்லை. வேடர் குலப் பெண்களை மணந்து இம்மலைக்கு வந்து உழுது வாழத் தொடங்கினர் என்பது அக்கதை.

ஜமுனாமரத்தூர் விடுதியில் மாலையில் தேநீர் அருந்தியபடி இக்கதையை மனைவிக்குச் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தாள். பிறகு, "வீரத்தில் குறைவில்லை. சொல்லி விட்டுப் போன சொல்தான் சரியில்லை" என்றாள்.

அவள் சொன்னது எத்துணை உண்மை! நெடும்பயணம் செல்வோர் பெட்டியில் வைப்பதைப் பற்றிப் பன்முறை எண்ணுகிறோம். வீட்டில் விட்டுச் செல்ல வேண்டிய சொல்லைப் பற்றி எண்ணுவதில்லை. அன்றிரவே ஒரு தாளில் எழுதத் தொடங்கினோம். எந்த நாளில் எந்த நேரத்தில் தொலைபேசியில் பேசுவோம். ஒருநாள் பேசாவிட்டால் அஞ்ச வேண்டாம், இரண்டாம் நாளில் யாரை அழைப்பது. வீட்டுச் சாவி, வங்கிக் கணக்கு, ஓய்வூதியத்திற்கான வாழ்நாள் சான்று, காப்பீட்டுப் பத்திரம் ஆகியவை எங்கே உள்ளன. உடல்நலம் கெட்டால் எங்கள் விருப்பம் என்ன. அனைத்தையும் எழுதி, பாஸ்போர்ட், விசா ஆகியவற்றின் நகலோடு என் தம்பியிடம் ஒரு பிரதியும், மகனிடம் ஒரு பிரதியும் சேர்ப்பதென முடிவு செய்தோம். அவள் மனத்தில் இருந்த அச்சத்தையும் அந்தத் தாளில் எழுதினோம். எழுதி முடித்தபின் அன்று அவள் நிம்மதியாக உறங்கினாள்.

ஒத்திகையில் கண்ட குறைகள் பல. இரவு உண்ண வேண்டிய மாத்திரைகள் பெரிய பெட்டியின் அடியில் கிடந்தன. விமானத்தில் அப்பெட்டி நம் கைக்கு எட்டாது. எனவே மருந்துகள், மூக்குக்கண்ணாடி, மாற்றுக் கண்ணாடி ஒன்று, ஒருநாள் மாற்றுடை, பாஸ்போர்ட் ஆகியவை கைப்பையிலேயே இருத்தல் வேண்டும். மருந்துகளை அவற்றின் அட்டையோடும், மருத்துவர் கடிதத்தோடும் கொண்டு செல்ல வேண்டும். அந்நாட்டு விதிப்படி மூன்று மாதத்திற்கான மருந்துகளே கொண்டு செல்லலாம். எஞ்சிய மாதங்களுக்கு அங்குள்ள மருத்துவரைக் காண வேண்டியிருக்கும் என்பதால், மருந்தின் வணிகப் பெயரோடு வேதிப்பெயரையும் எழுதி வாங்கிக்கொண்டோம். நம் ஊர் வணிகப் பெயர் அங்கே விளங்காது.

விடுதியின் பத்துப் படிகளில் பெட்டியைத் தூக்க என்னால் இயலவில்லை. மறுநாள் காலையில் பெட்டியைத் திறந்து பாதியைக் கீழே எடுத்து வைத்தோம். எவ்வளவு எடைக்கு அனுமதி உண்டு என்பதைப் பயணச்சீட்டு சொல்லும். எவ்வளவு எடை நமக்குத் தகும் என்பதை நம் முதுகுதான் சொல்லும். மெல்போர்னில் தை, மாசி கடுங்கோடை. ஆனி, ஆடி குளிர்காலம். ஆறு மாதத்தில் இரண்டையும் காண்போம் என்பதால் இரண்டிற்கும் துணி அடுக்கியிருந்தோம். மலையின் மார்கழிக் குளிரில் ஒரு கம்பளிச் சட்டையும் காலுறையும் குல்லாயும் போதுமாயிருந்ததைக் கண்டு, மற்ற குளிராடைகளை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

பூசைப் பொருள்களில் சிறிய பித்தளை விளக்கு ஒன்றும், அம்மன் படமும் மட்டும் வைத்தோம். கற்பூரம் எளிதில் தீப்பற்றுவதாகையால் விமானத்தில் கூடாது. தீப்பெட்டியைப் பெட்டியில் வைத்து அனுப்பவும் கூடாது. ஊறுகாய், பொடி, இனிப்பு என்று எந்த உணவுப்பொருள் வைத்தாலும், இறங்குமுன் தரப்படும் படிவத்தில் மறைக்காமல் குறிப்பிட்டுவிட வேண்டும். குறிப்பிட்ட பொருளை அவர்கள் தடுத்தால் பொருள் மட்டுமே போகும். மறைத்தால் அபராதம் வரும்.

இதனைச் சொல்லும்போதுதான் மண்ணைப் பற்றியும் சொல்ல நேர்ந்தது. அவள் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "இத்தனைச் சிறியதைக் கூடவா கேட்பார்கள்?" என்றாள். "கேட்கமாட்டார்கள் என்பதற்காகப் பொய் எழுதலாமா? அதுவும் அம்மன் பெயரால்?" என்றேன். அவள் பதில் கூறவில்லை.

இரண்டாம் நாள் இரவு பத்து மணிக்கு மேல் விடுதி முற்றத்தில் நின்றோம். இம்மலையில் காவலூர் என்னும் ஊரில் வைணு பாப்பு வானாய்வு நிலையம் உள்ளது. 1986 ஆம் ஆண்டில் செயற்படத் தொடங்கிய 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி அங்கே இருக்கிறது. நிலநடுக்கோட்டிற்கு அண்மையில் இருப்பதால், வடவானத்தோடு தென்வானத்தின் பெரும்பகுதியையும் இங்கிருந்து காண முடிகிறது. தெற்கே, மலை விளிம்பிற்கு மேல், ஒளிமிக்க விண்மீன் ஒன்று தனித்து நின்றது. அதுவே அகத்திய விண்மீன். இரவு வானில் ஒளியால் இரண்டாவது.

அகத்தியரின் கதை நாம் அறிந்ததே. கயிலைநாதரின் திருமணம் காண அனைவரும் இமயத்தில் கூட, வடதிசை தாழ்ந்து தென்திசை உயர்ந்தது. உலகைச் சமன் செய்யத் தெற்கே செல்லுமாறு இறைவன் அகத்தியரைப் பணித்தார். யாவரும் காணும் திருமணத்தைத் தான் மட்டும் காண இயலாதே என்று முனிவர் வருந்தினார். அங்கேயே மணக்கோலம் காட்டுவோம் என்று இறைவன் வாக்களித்து அனுப்பினார். பொதிகையில் காட்டியும் அருளினார். பழகிய இடத்தை விட்டுச் செல்ல மாமுனிவருக்கே தயக்கம் இருந்திருக்கிறது என்றால், நம்மைப் போன்றோரின் தயக்கம் பெரிதன்று.

"மெல்போர்னில் இதே விண்மீன் உச்சிக்கு அருகில் நிற்குமாம்" என்றேன். "அப்படியானால் அவர் நமக்கு முன்னரே போய்விட்டார்" என்று சிரித்தாள்.

ஊர் திரும்பியதும் அவளே ஒரு முடிவுக்கு வந்தாள். திருநீற்றுப் பொட்டலத்தைத் தம்பியின் மனைவியிடம் கொடுத்து, "வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் விளக்கேற்றும்போது இதையும் முன்னால் வை. திரும்பி வந்து பூசிக்கொள்வேன்" என்றாள். புறப்படும் நாளில் அவள் முகத்தில் அச்சமில்லை.

அங்கே சென்று கண்டவற்றை இன்னொரு முறை எழுதலாம். ஒன்றிரண்டு மட்டும் சொல்கிறேன். அங்கே சூரியன் கிழக்கில் உதித்தாலும் நண்பகலில் வடக்கே நிற்கிறான்; முதல் வாரம் திசை மயங்கினோம். திதிகளின் நேரமும் மாறுபடும் என்பதால் அமாவாசை முதலியவற்றுக்கு உள்ளூர் ஆலய நாட்காட்டியைப் பார்ப்பதே முறை. கேரம் டவுன்ஸ் என்னும் இடத்தில் சிவனும் திருமாலும் ஒரே வளாகத்தில் எழுந்தருளியுள்ள சிவா விஷ்ணு ஆலயத்தில் வாரந்தோறும் வழிபட்டோம். அங்கே அர்ச்சகர் திருநீறு அளித்தபோது என் மனைவி கண்கலங்கினாள். மாசி மாத இரவொன்றில் பேரன் எங்களைத் தோட்டத்திற்கு அழைத்துச் சென்றான். அகத்திய விண்மீன் ஏறக்குறைய தலைக்கு மேல் நின்றது. அவனுக்கு அக்கதையைத் தமிழில் சொன்னாள் அவன் பாட்டி. பாதி விளங்கியது, மீதியைக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டான்.

ஆடி மாதத்தில் ஊர் திரும்பினோம். வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பயணக் களைப்பையும் பாராமல் என் மனைவி கைகால் கழுவிப் பூசையறைக்குச் சென்று, பொட்டலத்தைப் பிரித்து நெற்றியில் இட்டுக்கொண்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை படவேடு சென்று அம்மனிடம், போய் வந்துவிட்டோம் என்று சொன்னோம்.