வில் வாங்கிய கதை

ஆய்வேட்டின் மூன்றாம் இயலைச் சென்ற வாரம் நெறியாளரிடமிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டேன். அவர் குறையேதும் சொல்லவில்லை. ஏற்றுக்கொள்ளும் நிலையில்தான் இருந்தார். பிழையைக் கண்டவன் நான். கண்டுபிடித்துக் கொடுத்தது ஒரு மூங்கில் வில். காரணம் கேட்ட நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இளங்கலை பயின்ற காலத்தில் பல்கலைக்கழக அணிக்காக வில்வித்தைப் போட்டிகளில் கலந்துகொண்டேன். அன்று என் கையிலிருந்தது ரிகர்வ் வில். நுனிகள் இரண்டும் எய்பவனுக்கு எதிர்ப்புறமாக வளைந்திருப்பதால் அதற்கு அப்பெயர். ஒலிம்பிக்கில் 70 மீட்டர் தொலைவிலுள்ள 122 சென்டிமீட்டர் இலக்கை நோக்கி எய்யப்படுவது இவ்வகை வில்லே. அலுமினியப் பிடி, அதில் பொருத்தும் இரு கார்பன் லிம்புகள், குறிபார்க்க ஒரு சைட், அதிர்வைத் தணிக்க நீண்ட ஸ்டெபிலைசர் ஆகியன அதன் உறுப்புகள். அம்பு முழு நீளத்துக்கு இழுபட்டதும் ‘டிக்’ என்று ஒலித்து, இனி விடலாம் என உணர்த்தும் கிளிக்கர் என்ற சிறு தகடும் உண்டு. அந்த ஒலி கேட்கும் வரை நாணைத் தாடையோடு சேர்த்து வைத்துக் காத்திருப்பதே எங்கள் பயிற்சியின் சாரம்.

முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் ஒரு லிம்பு அடுக்குவிட்டுப் பிளந்தது. புதிது வாங்க ஒரு மாத உதவித்தொகை போதாது. நண்பர் ஒருவர் தம்மிடம் கிடந்த மூங்கில் நெடுவில்லைத் தந்தார். என் உயரத்துக்கு நின்ற அந்த வில்லில் சைட் இல்லை, கிளிக்கர் இல்லை, அம்பைத் தாங்கும் மேடைகூட இல்லை. அம்பு பிடித்த கையின் விரல்முட்டியின் மேலேயே கிடக்கும்; விடும்போது இறகு தோலைக் கீறிச் செல்லும். கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுத் தென்னந்தோப்பின் ஓரத்தில் வைக்கோல் கட்டை நிறுத்தி 20 மீட்டரில் தொடங்கினேன். பாலக்காட்டுக் கணவாயின் காற்று ஒருபுறம், என் பழக்கம் மறுபுறம். முதல் மாதம் வைக்கோலைத் தொட்ட அம்புகளைவிடத் தோப்பில் தேடி எடுத்தவையே மிகுதி.

பழக்கம் என்றது அந்தக் காத்திருப்பைத்தான். நெடுவில்லை முழுதாக இழுத்த நிலையில் பிடித்து நிற்பது வீண். இழுக்க இழுக்கப் பாரம் ஏறிக்கொண்டே போகும். நின்றால் தோள் தளரும், கை நடுங்கும், அம்பு தாழும். இழுப்பு நிறைவுறும் கணத்திலேயே விடவேண்டும். இதை உணர எனக்குச் சில வாரங்கள் ஆயின.

அதைவிடக் கடினமாக இருந்தது நாணேற்றுதல். வில்லின் கீழ்நுனியை இடக்கணுக்காலில் ஊன்றி, வலக்காலை வில்லுக்கும் நாணுக்கும் இடையே செலுத்தி, நடுப்பகுதியைத் தொடையின் பின்புறம் தாங்கவிட்டு, மேல்நுனியை வளைத்து, நாணின் கண்ணியை அதன் வெட்டில் மாட்டவேண்டும். எய்து முடித்ததும் கழற்றிவிடவேண்டும். நாணேற்றியபடியே விட்டால் மூங்கில் அந்த வளைவிலேயே படிந்துபோகும், விசை குன்றும். ஆகவே ஒவ்வொரு நாளும் இந்த மல்லுக்கட்டு.

ஒரு மாலை மாட்டை அவிழ்க்க வந்த பக்கத்துத் தோப்புப் பெரியவர் நின்று பார்த்துவிட்டு, “வில்லு குலச்சோ?” என்று கேட்டார். எய்துவிட்டாயா என்று கேட்பதாக எண்ணி, “இல்லைங்க, இனிமேதான்” என்றேன். அவர் சிரித்தார், என் கையிலிருந்த வில்லில் நாண் ஏற்கெனவே ஏறியிருந்தது. மலையாளத்தில் வில்லு குலய்க்குதல் என்பது நாணேற்றி வளைத்தல். எய்வது வேறு செயல், அதற்கு வேறு சொல்.

எல்லையூரில் பிறந்து இரு மொழியும் கேட்டு வளர்ந்தவன் நான். அந்தச் சொல் அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை. இன்றைய தமிழில் ‘வில் வாங்கினேன்’ என்றால் விலைகொடுத்துப் பெற்றேன் என்பது பொருள். பழந்தமிழில் வாங்குதல் என்பதற்கு வளைத்தல் என்றும் பொருளுண்டு. சங்கப் பாடல்களில் வில்லின் வளைவைக் குறிக்கும் இடங்களைத் தொகுத்து ஆராய்வதே என் மூன்றாம் இயல். வளைத்த வில்லோடு ஒருவன் நிற்கிறான் என்று பாடல் சொல்லும் இடங்களிலெல்லாம், நாணை இழுத்துக் குறிபார்த்து நிற்கிறான் என்றே உரைத்திருந்தேன். அதன் மேல் வேட்டுவனின் பொறுமை, இலக்கின் மீது ஊன்றிய பார்வை என்று பல பக்கங்கள் எழுப்பியிருந்தேன்.

வில் இருமுறை வளைகிறது: நாணேற்றும்போது ஒருமுறை, இழுக்கும்போது மறுமுறை. முதல் வளைவை நான் எண்ணியே பார்க்கவில்லை. கிளிக்கர் ஒலிக்குக் காத்திருந்த என் பழைய தோள்தான் அந்தப் பாடல்களைப் படித்திருக்கிறது. நாணேற்றிய வில்லோடு நிற்பவன் இன்னும் எதையும் குறிபார்க்கவில்லை. கழற்றி வைத்திருந்த வில்லைப் பூட்டி எதற்கும் ஆயத்தமாக இருக்கிறான். அது பொறுமையின் படமன்று, எச்சரிக்கையின் படம். எல்லா இடங்களுக்கும் இதுவே பொருள் என்று சொல்ல வரவில்லை. ஒவ்வோரிடத்திலும் எந்த வளைவு என்று கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை என்பதே என் பிழை.

இத்தனைக்கும் சான்றுகள் கண்முன்னே இருந்தன. சீதையை மணக்க இராமனுக்கு வைத்த சோதனை எய்வதன்று, நாணேற்றுவது. அம்முயற்சியிலேதான் வில் முறிகிறது. திரௌபதியின் சுயம்வரத்திலும் நாணேற்ற முடியாமல் தோற்ற அரசர் பலர். கிரேக்கத்தின் ஒடிசி காப்பியத்தில் பெனலோப்பியை வேட்டவர்களை வீழ்த்தியதும் ஒடிசியசின் வில்லில் நாணேற்ற இயலாமைதான். மூன்றையும் வகுப்பறையில் கற்பித்திருக்கிறேன்.

இதைப் பழமை போற்றும் கதையாக வாசிக்கவேண்டாம். ராஜஸ்தானில் மூங்கில் வில்லோடு வளர்ந்த லிம்பா ராம் ரிகர்வ் வில்லுக்கு மாறித்தான் மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் இந்தியாவுக்காக எய்தார். 1991-இல் அர்ஜுனா விருதும் பெற்றார். ரிகர்வ் வில் தாழ்ந்ததன்று. நான் அறிந்த ஒரே வில்லை எல்லாக் காலத்துக்குமான வில்லாகக் கொண்டதுதான் தவறு.

இயலைப் புதிதாக எழுத ஆறு மாதமாவது ஆகும். உதவித்தொகை அதற்கு முன்பே முடிகிறது. வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா, “அவங்களே சரின்னுட்டாங்க, உனக்கென்ன?” என்றார். ஞாயமான கேள்விதான். ஆனால் பிழையென்று தெரிந்த பக்கங்களின் கீழ் என் பெயரை எழுத மனம் வரவில்லை. நெறியாளர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, “எழுதிக்கொண்டு வாருங்கள்” என்றார்.

அடுத்த மாதம் அட்டப்பாடிக்கும் வயநாட்டுக்கும் செல்லவிருக்கிறேன். இருளர், குறிச்சியர் வழக்கில் நாணேற்றுதலையும் இழுத்தலையும் எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டறிய வேண்டும். அங்கே களப்பணி செய்த நண்பர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாவேன்.