சுருட்டி வைத்த படகு

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். ரப்பர் படகு என்றதும் அலேன் பொம்பார் நினைவுக்கு வருவார். அந்தப் பிரெஞ்சு மருத்துவர் 1952இல் காற்றடைத்த சிறு படகில் தனியாளாக, 65 நாளில் அட்லாண்டிக்கைக் கடந்தார்.

எங்கள் மேல்சித்தாமூரில் கடல் இல்லை. ஆனால் 2024 ஃபெஞ்சல் புயலின்போது பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. புதுச்சேரித் தெருக்களில் மீட்புப் படகுகள் ஓடின.

மழையில் உதவும் படகு கெடுவது கோடையில்தான். நான் எழுத்தராக இருந்த ஓர் அலுவலகத்தில், கிடங்கில் கிடந்த ரப்பர் படகை இருப்புப் பதிவேட்டில் வருஷாவருஷம் 'நல்ல நிலையில்' என்றே எழுதி வந்தார்கள். ஒரு சித்திரையில் கணக்கெடுப்புக்காகப் பிரித்தோம். ஈரத்தோடு சுருட்டியதால் மடிப்பெல்லாம் பூஞ்சை. நடுவில் எலி கடித்த ஓட்டை. சித்திரையானதால் ஒட்டுப்போட அவகாசம் இருந்தது. கார்த்திகை வெள்ளத்தில் தெரிந்திருந்தால் என்ன செய்வது?

ஒட்டுப்போட வந்தவர் சொன்ன முறை எளிது. மழைக்காலம் முடிந்ததும் நல்ல தண்ணீரில் சேறும் மணலும் போகக் கழுவி, நிழலில் காய வைக்க வேண்டும். தையல் இடுக்குகளில் ஈரம் இருக்கக் கூடாது. டால்கம் பவுடர் தூவி, இறுக்காமல் சுருட்டி, எலி ஏறாத இடத்தில் பலகைமேல் வைக்க வேண்டும். ஆடியில் காற்றடைத்துச் சோப்புத் தண்ணீர் தடவினால், கசியும் இடத்தில் குமிழி வரும்.

உங்கள் ஊர் அலுவலகத்தில் படகு இருக்கிறதா? பதிவேட்டைக் கேட்காதீர்கள், ஆடியிலேயே பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.