வெறுந்தரை

மார்கழி 6, சனி

நேற்று ராத்திரி இரண்டு மணி இருக்கும். பட்டாசல் என்று நாங்கள் சொல்லும் கூடத்தில் தொப்பென்று சத்தம். ஓடிப்போய் விளக்கைப் போட்டால் அத்தை தரையில் உட்கார்ந்திருந்தார்கள். புறவாசலுக்குப் போக எழுந்தவர்கள், வழியில் இருந்த அட்டைப்பெட்டியில் கால் இடறி விழுந்திருக்கிறார்கள். முட்டியில் சிராய்ப்பு மட்டும்தான். எலும்புக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் இன்று காலை சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. வயது 81. இந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் எழுந்து நடப்பது எவ்வளவு பாடு என்று இதே தெருவில் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பெட்டிக்குள் ஒன்றும் இல்லை. போன ஆண்டு வாங்கிய மிக்சியின் காலிப்பெட்டி. ரிப்பேர் என்றால் வைத்துக் கொண்டுபோக வேண்டியிருக்குமே என்று நான்தான் ஓரமாக வைத்தேன். அதன்மேல் ஒரு பை, பைமேல் பழைய தலையணை என்று ஏறி, ஓரம் என்பது நடைபாதை வரை வந்துவிட்டது.

மத்தியானம் டேப்பை எடுத்து அளந்து பார்த்தேன். எங்கள் பட்டாசல் பதினெட்டடி நீளம், பதினோரடி அகலம். அதில் கால் வைக்க இருப்பது வாசலிலிருந்து அடுக்களை வரை போகும் இரண்டடி வழி மட்டுமே. மீதி முழுவதும் சாமான். மூன்று பேர் இருக்கும் வீட்டில் மூன்று பேர் சேர்ந்து தரையில் உட்கார இடமில்லை. பொங்கலுக்குள் இதை முடிக்க வேண்டும்.

மார்கழி 7, ஞாயிறு

திவான் கட்டிலுக்கு அடியிலிருந்து தொடங்கினேன். கட்டைப்பைகள் மட்டும் நாற்பத்திமூன்று. துணிக்கடை, நகைக்கடை, கல்யாண வீடு என்று வந்த பைகள், ஒன்றுக்குள் ஒன்றாக. நல்ல பைகள்தாம், தூக்கிப்போட மனம் வராது. ஆறை வைத்துக்கொண்டு மீதியை முக்குக் காய்கறிக்கடை அண்ணாச்சியிடம் கொடுத்தேன். இரண்டு நாளில் தீர்ந்துவிடும் என்று சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். எனக்குச் சுமையாகக் கிடந்தது அவருக்குக் கைமுதல்.

மகள் ஓசூரிலிருந்து போனில், "ஒவ்வொண்ணையும் கையில எடுத்து, சந்தோஷம் தருதான்னு பாரும்மா. தரலைன்னா குடுத்துரு" என்றாள். மரீ கோண்டோ என்ற ஜப்பானியப் பெண்மணியின் முறை அது. 2011-இல் வந்த அவருடைய புத்தகத்தை மகள் எப்போதோ எனக்கும் வாங்கித் தந்திருந்தாள். தனியாக இருப்பவர்களுக்கு அந்தக் கேள்வி நன்றாக உதவும். நம் வீடுகளில் பாதிச் சாமான் இன்னொருவருடையது. அத்தையின் பாக்குவெட்டியைக் கையில் எடுத்தால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவர்களுக்கு அது மாமாவோடு இருந்த ஐம்பது வருஷம். ஆகவே எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன்: என் பொருளைப் பற்றி மட்டுமே நான் முடிவு செய்வேன். மற்றவர்கள் பொருளை எடுத்து அவர்கள் கையில் கொடுப்பேன். அதோடு என் வேலை முடிந்தது.

பீரோவின் மேல் மூன்று அட்டைப்பெட்டிகள், ஒரு பழைய சூட்கேஸ், கொசுவலை. எல்லாவற்றுக்கும் அடியில் காவித்துணி உறையில் என் வீணை. அது அங்கே இருப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தினமும் பீரோவைத் திறக்கிறேன். நிமிர்ந்து பார்ப்பதில்லை, அவ்வளவுதான். மேலே இருந்ததையெல்லாம் இறக்கினேன். உறையை இன்னும் அவிழ்க்கவில்லை.

மார்கழி 10, புதன்

கிறிஸ்துமஸ் லீவு. பாளையங்கோட்டையில் இன்று விடியும் முன்பே கோயில் மணிகள். எதிர்வீட்டிலிருந்து கேக்கும் முறுக்கும் வந்தன. அவர்கள் கொண்டுவந்த தட்டை வைக்க மேஜையில் இடம் இருந்தது. போன வருஷம் இல்லை.

பரணில் இருந்த பாத்திரங்களை இறக்கினோம். பித்தளைப் பானை இரண்டு, அண்டா, சருவம், குத்துப்போணி, பெயர் வெட்டிய எவர்சில்வர் தட்டுகள் ஐம்பதுக்கு மேல். பித்தளைப் பானையைக் கீழே வைத்ததும் அத்தை முன்பக்கத் தார்சாவிலிருந்து வந்துவிட்டார்கள்.

"எம்மா, அத எங்க கொண்டு போற? எங்கம்மா தலைப்பொங்கலுக்குப் படி கொண்டாந்தப்போ தந்ததுல்லா."

"எங்கயும் கொண்டு போகல அத்தை. உங்க பானை, நீங்கதான் சொல்லணும்."

கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார்கள். பிறகு புளியும் சாம்பலும் கேட்டார்கள். முட்டி வலியோடு புறவாசலில் உட்கார்ந்து பானையைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, "இந்தப் பொங்கலுக்கு இதுலதான் பொங்கணும்" என்றார்கள். இருபது வருஷமாகப் பரணில் இருந்த பானை அடுக்களைக்கு வந்துவிட்டது. எவர்சில்வர் தட்டுகளைப் பற்றிக் கேட்டபோது, "அது எதுக்கு, யாருக்காச்சும் குடு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். தட்டுகள் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போகின்றன.

பானை தேய்க்கும்போது அத்தை பழைய வெள்ளையடிப்பைப் பற்றிப் பேசினார்கள். எனக்கும் சின்ன வயதில் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. மார்கழி பிறந்ததும் சிப்பிச் சுண்ணாம்பை வாங்கி, பானையில் போட்டுத் தண்ணீர் ஊற்றுவார்கள். அது கொதித்து நீறி அடங்கும். வடிகட்டி, நீலம் கலந்து, மட்டையால் சுவரெல்லாம் அடிப்பார்கள். அதற்கு முதல்நாள் வீட்டில் இருக்கும் அத்தனை சாமானும் முற்றத்துக்கு வந்துவிடும். உள்ளறையான அரங்கில் இருக்கும் உழக்குக்கூட வெயிலைப் பார்க்கும். திரும்ப உள்ளே எடுத்துவைக்கும்போது உடைந்தது, ஓட்டையானது, வேண்டாதது தானாக வெளியே நின்றுவிடும்.

இப்போது நாம் பூசும் பெயிண்ட் பல வருஷம் வரும். நல்லதுதான். ஆனால் சுவர் அழுக்காகாததால் பீரோவை யாரும் நகர்த்துவதில்லை. வருஷத்துக்கு ஒருமுறை வீட்டை முழுசாகக் காலி செய்த பழக்கம் சுண்ணாம்போடு போய்விட்டது. சாமான் சேர்ந்ததற்கு நம் ஆசையைக் குற்றம் சொல்கிறோம். சேர்ந்ததை வெளியேற்றிக்கொண்டிருந்த வேலை நின்றுபோனதை யாரும் பேசுவதில்லை.

மார்கழி 14, ஞாயிறு

காகிதம். இதுதான் கடினம்.

மின்சாரக் கட்டண ரசீதுகள், உத்தரவாத அட்டைகள், மகளின் ஆறாம் வகுப்பு வினாத்தாள்கள் எல்லாம் ஒரு மணி நேரத்தில் பிரிந்துவிட்டன. மாமாவின் தகரப்பெட்டியைத் திறந்தபோதுதான் கை நின்றது. வார இதழ்களில் வந்த தொடர்கதைகளை வாரம்தோறும் பிரித்தெடுத்து, தைத்து, காலிகோ அட்டை போட்டு பைண்டு செய்திருக்கிறார்கள். பதினேழு தொகுதிகள். கூடவே கல்யாணப் பத்திரிகைகள், கருமாதிக் கடிதங்கள், தீப்பெட்டிப் படங்கள், கொழும்பிலிருந்து யாரோ எழுதிய தபால் அட்டைகள். ஓரங்களை இராமபாணப் பூச்சி அரித்திருந்தது. பெட்டியின் அடியில் அவர்கள் போட்ட வசம்புத் துண்டு காய்ந்து கிடந்தது. அது இருந்த மூலையில் மட்டும் பூச்சி இல்லை.

பழைய பேப்பர்கடை அண்ணாச்சி வாசலில் தராசோடு நின்றார். பெட்டியைக் காட்டவில்லை.

உ.வே. சாமிநாதையர் ஏடு தேடி நம் பக்கம் வந்தபோது நடந்தது ஞாபகம் வந்தது. 'என் சரித்திரம்' படித்தவர்களுக்குத் தெரியும். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏட்டுச் சுவடிகளைக் கேட்டுப் போகிறார். பழுதான சுவடிகளை நெய்யில் தோய்த்துத் தீயில் இட்டுவிட்டதாகச் சொல்கிறார்கள். செய்தவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. சாஸ்திரம் அப்படி என்று நம்பினார்கள். பழையதைக் கழிப்பதிலும் இப்படியோர் ஆபத்து உண்டு.

மறுபக்கம் கோட்டையூர் ரோஜா முத்தையா இருக்கிறார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். நூல்களோடு நாடக நோட்டீசு, அழைப்பிதழ் என்று மற்றவர்கள் தூக்கிப்போடுவதையும் சேர்த்துக்கொண்டே இருந்தார். 1992-இல் அவர் இறந்தபின், சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பைப் பெற்றது. அதை வைத்து 1994-இல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. இன்று தரமணியில் இருக்கிறது. தமிழ் அச்சு வரலாற்றை எழுதுகிறவர்கள் அந்த வாசலை மிதிக்காமல் எழுத முடியாது.

வீட்டை ஒழுங்கு செய்கிறவர்களிடம் இதை மட்டும் கையைப் பிடித்துச் சொல்வேன். கையால் எழுதியதையும், நம் வீட்டில் மட்டுமே இருக்கக்கூடிய காகிதத்தையும் எடைக்குப் போடாதீர்கள். ரசீதுகளைப் போடுங்கள். கடிதங்களைப் போட்டால் திரும்ப வராது. மாமாவின் பெட்டியைத் துடைத்து, வெயிலில் காயவைத்து, புது வசம்பு வாங்கிப் போட்டு அரங்கில் வைத்துவிட்டேன். இந்த வீட்டில் அதற்கு இடம் உண்டு.

மார்கழி 17, புதன்

2006-க்குப் பிறகு அரசு கொடுத்த இலவச வண்ணத் தொலைக்காட்சி, அதற்கப்புறம் கொடுத்த மிக்சி, நாங்கள் வாங்கிய இரண்டு மிக்சி, ஏழு செல்போன் சார்ஜர். பழைய டிவியை உடைத்துச் செம்பை எடுத்துக்கொள்கிறேன் என்று ஒருவர் கேட்டார், கொடுக்கவில்லை. அந்தக் காலத்துப் படக்குழாயின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. உடைத்து ஓடையில் போட்டால் மண்ணுக்கும் தண்ணீருக்கும் போகும். மின்கழிவு வாங்கும் இடத்துக்கு என் கணவர் ஆட்டோவில் கொண்டுபோய்க் கொடுத்து வந்தார். ஆட்டோ வாடகைக்குக்கூடக் காசு தேறவில்லை. பரவாயில்லை.

மார்கழி 21, ஞாயிறு

திவான் கட்டில் போய்விட்டது. தங்கை வீட்டுக்கு.

அவள் வீடு மீனாட்சிபுரத்தில். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நெல்லை, தூத்துக்குடிக்காரர்கள் மறக்கமாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. தாமிரபரணி ஊருக்குள் வந்தது. தங்கை வீட்டில் இடுப்பளவு தண்ணீர். வடிந்தபின் நானும் போய்ச் சேறு அள்ளினேன். தெரு முழுக்க மெத்தை, சோபா, ஊறிப்போன பலகைக் கட்டில்கள் மலைபோல் கிடந்தன. அவற்றைப் பார்த்து அவள் அழவில்லை. அம்மாவின் ஒரே போட்டோ தண்ணீரில் கரைந்து வெள்ளையாகிவிட்டதைப் பார்த்துத்தான் அழுதாள். ஒரு வருஷமாகக் கட்டில் இல்லாமல் இருந்தவளுக்கு எங்கள் திவான் இப்போது உதவும்.

கட்டில் கிடந்த இடத்தைக் கழுவிவிட்டேன். சிவப்புச் சிமெண்ட் தரை அங்கே மட்டும் புதுசாகப் பளபளத்தது, மற்ற இடங்கள் தேய்ந்து வெளிறியிருக்கின்றன. அத்தை அங்கே பத்தமடைக் கோரைப்பாயை விரித்துப் படுத்தார்கள். தாமிரபரணிக் கரைக் கோரையில் நெய்தது. தரையின் குளிர்ச்சியை விடும், ஈரத்தை விடாது. ஒன்றரை மணி நேரம் அசையாமல் தூங்கினார்கள். எழுந்ததும் பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தினார்கள். இடம் மறுபடி காலி.

அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்தப் பட்டாசலைக் கட்டியவர்கள் இதை ஒரு வேலைக்கென்று கட்டவில்லை. காலையில் இலை போட்டால் சாப்பிடும் இடம், மத்தியானம் பாய் விரித்தால் படுக்கை, சாயங்காலம் பிள்ளைகள் படிக்கும் இடம், விசேஷம் வந்தால் பந்தி. ஒவ்வொரு வேலையும் முடிந்ததும் இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். கட்டிலும் சோபாவும் மேஜையும் வந்தபின் அவை இடத்தை எடுத்துக்கொண்டு திருப்பித் தரவில்லை. என் கணவருக்கு நாற்காலி வேண்டும், முழங்கால் வலி. அது இருக்கட்டும். திவான் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை, துணி மடிக்காமல் போட்டுவைக்கத்தான் அது இருந்தது.

மார்கழி 27, சனி

இன்று உறையை அவிழ்த்தேன்.

தஞ்சாவூரில் செய்த பலாமர வீணை. எனக்குப் பதினான்கு வயதில், 1986-இல், அப்பா பிராவிடண்ட் பண்டில் கடன்போட்டு வாங்கினார்கள். 1998-இல் மகள் பிறந்தபின் உறைக்குள் போனது. யாளி முகத்தின் ஒரு காது பெயர்ந்திருக்கிறது. ஏழு தந்தியில் நான்கு அறுந்து, மற்றவை துருப்பிடித்துவிட்டன. பெரிய சேதம் மெழுகில். பீரோ மேல், மொட்டைமாடித் தளத்துக்குக் கீழே, நெல்லையின் சித்திரை வெயிலில் இருபத்தாறு கோடை. மெழுகு இளகி, இறுகி, இளகி, 24 மெட்டுகளும் இடம்மாறிச் சாய்ந்து நிற்கின்றன. ஒரு மெட்டு நகர்ந்தாலே சுருதி கெடும். சாமான் வைக்க வேறு இடமில்லை என்று அதன்மேல் பெட்டிகளை ஏற்றியது நான்தான். துடைத்துக்கொண்டே வெகுநேரம் அழுதேன்.

எனக்கு வீணை சொல்லித்தந்த டீச்சரின் மகளுக்குப் போன் செய்தேன். மரம் வெடிக்காமல் இருந்தால் சரிசெய்துவிடலாம் என்றாள். குடத்தைத் தட்டிப் பார்க்கச் சொன்னாள். தட்டினேன். போனிலேயே கேட்டுவிட்டு, "நல்லா இருக்கு அக்கா" என்றாள். பழைய மெழுகைச் சுரண்டி எடுத்துவிட்டு, தேன்மெழுகில் கரித்தூள் சேர்த்துக் காய்ச்சி, தண்டியின் இரண்டு ஓரமும் வைத்து, ஒவ்வொரு மெட்டாகச் சுரம் கேட்டுக் கேட்டுப் பதிக்க வேண்டும். மேளம் கட்டுவது என்று அதைச் சொல்வார்கள். தஞ்சாவூரிலிருந்து ஆசாரி ஒருவர் தை மாதம் இந்தப் பக்கம் வருவாராம்.

அவள் கேட்ட கேள்வி ஒன்று: "அக்கா, உட்கார்ந்து வாசிக்க இடம் இருக்கா?" சரியான கேள்வி. வீணை நாலடிக்குமேல் நீளம். தரையில் சம்மணமிட்டு, குடம் வலப்பக்கம் தரையில் படிய, சுரைக்காய் இடது தொடைமேல் இருக்க வேண்டும். முன்னும் பின்னும் கை அசைய இடம் வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்கிற வாத்தியம் இல்லை. இருபத்தாறு வருஷமாக நேரம் இல்லை, நேரம் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். என் வீட்டில் எனக்கு ஆறடித் தரையும் இல்லாமல்தான் இருந்தது. ஒருநாள் ராத்திரி கால்மணி நேரம் கிடைத்தாலும் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

இருக்கு என்று அவளிடம் சொன்னேன்.

மார்கழி 29, திங்கள், போகி

எரிப்பதற்கு எங்களிடம் ஒன்றும் இல்லை. பழைய துணிகள் மிதியடியாகிவிட்டன. பிளாஸ்டிக்கும் டயரும் எரியும் புகையில் அத்தைக்கு மூச்சு முட்டும் என்பதால் எதையும் கொளுத்த வேண்டாம் என்று முன்பே பேசிவைத்திருந்தோம். நிலைக்குச் சிறுபீளையும் வேப்பிலையும் ஆவாரம்பூவும் செருகினேன். பித்தளைப் பானைக்கு மஞ்சள்கொத்து வாங்கியாயிற்று. பனங்கிழங்கு வந்துவிட்டது.

சாயங்காலம் மறுபடி அளந்தேன். பட்டாசலின் கிழக்குச் சுவரை ஒட்டி ஒன்பதடிக்கு ஏழடி வெறுந்தரை. மத்தியானத்தில் அது அத்தைக்கு. ராத்திரி எட்டு மணிக்குமேல் எனக்கு. ஆசாரி தை 8-ஆம் தேதி வருகிறார்.