வேளாங்கண்ணி வாசலிலே

நாகப்பட்டினத்திலிருந்து தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் வேளாங்கண்ணி. 2010-ஆம் ஆண்டிலிருந்து ரயிலும் வருகிறது. ஆனால் நேயர்களே, ஆகஸ்டு மாதக் கடைசியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனீர்களானால், ரயிலையும் பஸ்ஸையும் லட்சியம் செய்யாமல் காவி உடுத்தி நடந்து போகும் கூட்டத்தைப் பார்ப்பீர்கள். சென்னையிலிருந்தே நடக்கிறவர்கள் உண்டு. சிறு சப்பரத்தில் மாதாவின் சொரூபத்தை வைத்துத் தள்ளிக்கொண்டு போவார்கள். 'பழனிக்கா, சபரிமலைக்கா?' என்று கேட்கத் தோன்றும். கழுத்தில் தொங்கும் ஜெபமாலையைப் பார்த்த பிறகுதான் விஷயம் விளங்கும்.

ஆகஸ்டு 29-ஆம் தேதி கொடி ஏறும். செப்டம்பர் 8-ஆம் தேதி மாதாவின் பிறந்த நாள் திருவிழா. அந்த நாட்களில் தமிழ், மலையாளம், தெலுங்கு, கொங்கணி, இந்தி என்று பல பாஷைகளில் பூசை நடக்கும். கூட்டத்தில் அகப்பட்டுக்கொண்டால் நாம் நடக்க வேண்டியதில்லை. கூட்டமே நம்மை நடத்திக்கொண்டு போய்விடும். சாவகாசமாகப் பார்க்க விரும்புகிறவர்கள் வேறு மாதத்தில் போவதே சிலாக்கியம். கடற்கரை நெடுக வறுத்த மீன் வாசனை துரத்தும். சைவச் சாப்பாடும் கிடைக்கும், கவலை வேண்டாம்!

மனம் உல்லாசமாக இருக்கும்போது நாம் மகாபலிபுரம் போகிறோம். வேளாங்கண்ணிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு மூட்டையோடு வருகிறார்கள். துணி மூட்டையைச் சொல்லவில்லை. வைத்தியர் கைவிட்ட புருஷன், பத்து வருஷமாக ஆடாத தொட்டில், குடிக்கு அடிமையான மகன், கழுத்தை நெரிக்கும் கடன்! கிறிஸ்தவர்கள் மட்டும் என்று நினைக்காதீர்கள். நெற்றியில் குங்குமத்தோடு மண்டியிட்டிருக்கும் பெண்களை அங்கே எந்த நாளிலும் பார்க்கலாம். மொட்டை போடுவதும் உண்டு. மாதாவுக்குப் புடைவை சாத்துவதும் உண்டு. ஆம், இந்த மாதா புடைவை கட்டியவள். ஜரிகைக் கரைப் புடைவையும் கிரீடமும் கையில் குழந்தையுமாக நிற்கிறாள்.

கடைத் தெருவில் ஒரு காட்சியை அவசியம் பாருங்கள். மெல்லிய தகட்டில் கண், காது, கை, கால், இருதயம், வீடு, தொட்டில் என்று உருவங்கள் செய்து விற்கிறார்கள். வாங்குகிறவர்கள் கதை சொல்ல வேண்டியதில்லை. 'ஒரு தொட்டில்' என்றால் தொட்டில். 'ஒரு கால்' என்றால் கால். மாமியாரிடமும் நாத்தனாரிடமும், ஏன், பெற்ற தாயிடமும்கூடச் சொல்ல வாய் வராத துக்கத்தை இங்கே ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். கடைக்காரர் ஏன் என்று கேட்கமாட்டார். பொருளைக் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பார். அந்தக் கேளாத குணமே பாதி ஆறுதல் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஸ்தலத்துக் கதைகளிலும் பெரிய மனிதர்கள் முதலில் வருவதில்லை. பதினாறாம் நூற்றாண்டில் எஜமானர் வீட்டுக்குப் பால் கொண்டுபோன ஓர் இடைச் சிறுவன் குளத்தங்கரை ஆலமர நிழலில் அயர்ந்துவிட்டானாம். கையில் குழந்தையோடு ஒரு பெண்மணி வந்து பால் கேட்டாள். கொடுத்துவிட்டான். 'தாமதமும் ஆயிற்று, பாலும் குறைந்துவிட்டது. என்ன ஏச்சு விழுமோ' என்று பயந்துகொண்டே போனவனுடைய குடத்தில் பால் பொங்கி வழிந்ததாம். அந்தக் குளம்தான் மாதா குளம். அதற்குப் பிறகு நடுத்திட்டில் மோர் விற்ற ஒரு விதவையின் மகன், கால் ஊனமானவன், எழுந்து நடந்தான் என்பது இரண்டாவது கதை. மூன்றாவதில்தான் கப்பல் வருகிறது. புயலில் சிக்கிய போர்த்துக்கீசிய மாலுமிகள் செப்டம்பர் 8-ஆம் தேதி இங்கே கரையேறி, ஓலைக் கோவிலைக் கற்கோவிலாகக் கட்டினார்கள் என்பார்கள். அவர்கள் கொடுத்ததாகச் சொல்லப்படும் பீங்கான் தட்டுக்கள் இன்றும் பீடத்தில் பதிந்திருக்கின்றன. 1962-இல் போப் இருபத்து மூன்றாம் ஜான் இக்கோவிலுக்குப் பசிலிக்கா என்ற அந்தஸ்தை அளித்தார்.

கடல் கரைசேர்த்த கதையைச் சொன்னேன். அதே கடல் கொண்டுபோன கதையையும் சொல்லத்தான் வேண்டும்.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். ஊர் நிறைய யாத்திரிகர்கள். கேரளத்திலிருந்து வந்தவர்கள் ஏராளம். காலை வேளையில் கடற்கரையில் குழந்தை குட்டிகளோடு கால் நனைத்துக்கொண்டிருந்தார்கள். 'சுனாமி' என்ற சொல்லையே நம்மில் பலர் அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டோம். சில நிமிஷத்துக்குள் நூற்றுக்கணக்கானவர்கள் போய்விட்டார்கள். அன்றைய நாகை மாவட்டம் முழுவதிலும் மாண்டவர்கள் ஆறாயிரத்துக்கும் மேல். கோவிலுக்குள் இருந்தவர்கள் பிழைத்தார்கள்.

இதை அற்புதம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பிழைத்தவர்கள் சொல்லலாம், அவர்களுக்கு அந்த உரிமை உண்டு. கையிலிருந்த குழந்தையை அலைக்குக் கொடுத்த தாயின் முன்னால் நின்று அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு நாக்கு எழாது. அவளும் இதே மாதாவை நம்பித்தானே வந்தாள்?

அப்படியானால் நம்பிக்கைக்கு என்ன அர்த்தம் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கிறிஸ்தவர்களின் வேத புத்தகம் இந்தக் கேள்வியைக் கண்டு முகம் சுளிப்பதில்லை. அதிலுள்ள 150 சங்கீதங்களில் துதியைப் போலவே அழுகையும் முறையீடும் நிறைய இருக்கின்றன. 69-ஆம் சங்கீதத்தைப் படித்துப் பாருங்கள். கழுத்தளவு வெள்ளத்தில் நிற்கிறவனின் கூக்குரல் அது. தன்னை ஏன் கைவிட்டாய் என்று பிதாவைப் பார்த்து இயேசுவே சிலுவையில் கேட்டார். அதன் அடியில் தாய் நின்றாள். அவளால் ஆணியைப் பிடுங்க முடியவில்லை. ஒரு வாய் தண்ணீர் கொடுக்க முடியவில்லை. ஆனாலும் அவள் அந்த இடத்தை விட்டுப் போகவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் இரவெல்லாம் நின்றவர்களுக்கு அந்த நிலை தெரியும். அப்படிப்பட்டவர்கள் இங்கே வந்து, அதிசயம் எதையும் எதிர்பாராமல், 'உனக்குத் தெரியுமே, அம்மா' என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். தெரிந்தவளிடம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை அல்லவா?

இறந்தவர்களுக்கு ஊரில் ஒரு நினைவு ஸ்தூபி இருக்கிறது. டிசம்பர் 26-ஆம் தேதி தோறும் அங்கே பூவும் மெழுகுவர்த்தியும் வைக்கிறார்கள். சர்வ மதப் பிரார்த்தனையும் நடக்கிறது. மாண்டவர்களை மதம் பார்த்துப் பிரிக்க அலைக்கு நேரம் இருக்கவில்லை, நினைக்கிறவர்களும் பிரிக்கவில்லை.

கிளம்புவதற்கு முன் மாதா குளத்துக்குப் போகும் மணற்பாதையைப் பாருங்கள். நேர்த்திக்கடன் செலுத்துகிறவர்கள் அதில் முழங்காலாலேயே நடக்கிறார்கள். கூட ஒரு தங்கையோ மகளோ தண்ணீர்ச் செம்போடு வருவாள். இடறும்போது தோளைப் பிடித்துக்கொள்வாள். இளைப்பாறச் சற்று நின்றாலும் அவசரப்படுத்துகிறவர்கள் யாரும் இல்லை. போவதானால் விடியற்காலையிலேயே போய்விடுங்கள். எட்டு மணிக்கு மேல் மணல் சுட ஆரம்பித்துவிடும்.