குழி பார்க்க டிக்கெட்

சுற்றுச்சூழல், தலைமைப் பண்பு என்று தென்கிழக்கு ஆசிய மாணவர்களை அமெரிக்கா தன் செலவில் வரவழைத்த திட்டம் ‘ஒய்சீலி’. ஆரம்பம் 2013. மொன்டானா பல்கலைக்கழகமும் வகுப்பு எடுத்தது. ஊர் மிசூலா: மலை, ஆறு, ஜிலுஜிலு காற்று.

நிஜமான பாடம் ப்யூட் நகரில், காரில் சுமார் இரண்டு மணி நேரம். சின்னச் சுரங்கப்பாதை வழியே போனால் ஒரு மேடை. கீழே பெர்க்லி பிட், மகா பெரிய தாமிரக் குழி. 1982 ஏப்ரல் 22-ல் நீர் இறைக்கும் பம்புகளை நிறுத்தினார்கள் (அன்றைக்கு பூமி தினம் சார்!). தண்ணீர் ஊறி அமில ஏரியாச்சு. 1995-ல் களைப்பாற இறங்கிய 342 பனி வாத்துகள் செத்து மிதந்தன. இதைப் பார்க்க டிக்கெட் வேறு.

இந்தோனேசியப் பையனுக்கு டிக்கெட் அநாவசியம். பப்புவாவில் கிராஸ்பெர்க் குழியைத் தோண்டியதே ஃப்ரீபோர்ட் என்கிற அமெரிக்கக் கம்பெனிதான். கேள்வி நேரத்தில் அவன் கை தூக்கினால் வாத்தியார் பாடு திண்டாட்டம்.