இரண்டாவது குவளை

விடியற்காலை மணி நான்கு. ஈப்போவின் புந்தோங் வட்டாரம் இன்னும் உறக்கத்தில் இருந்தது. ஆனால், அந்தச் சிறிய வீட்டின் சமையலறையில் மட்டும் விளக்கு எரிந்தது. பாட்டி தண்ணீரைக் கொதிக்க வைத்து, இரண்டு குவளைகளில் கடுங்காப்பி கலக்கினார். ஒன்றை எடுத்துக்கொண்டு வாசலில் இருந்த நாற்காலியில் அமர்ந்தார். மற்றொன்று பக்கத்து நாற்காலியின் அருகே ஆறிக்கொண்டிருந்தது. பொழுது விடிந்ததும் அதை வாழை மரத்தின் அடியில் ஊற்றினார்.

தாத்தா மறைந்து மூன்று மாதங்கள் ஆகிவிட்டன. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக இரண்டு குவளை கலக்கிய கைக்கு ஒன்றோடு நிறுத்தத் தெரியவில்லை.

வார இறுதிக்காகக் கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த பேத்தி, கூடத்தின் சன்னல் வழியாக இதைப் பார்த்தாள். அவள் படிவம் மூன்றில் பயில்பவள். முதல் நாள் இரவு அப்பா பாட்டியிடம் பேசியது அவள் நினைவுக்கு வந்தது.

“அம்மா, இங்கே தனியாக எப்படி இருப்பீர்கள்? எங்களோடு வந்துவிடுங்கள். வீட்டை வாடகைக்கு விட்டுவிடலாம்,” என்றார் அப்பா.

பாட்டி அதற்கு மறுமொழி கூறவில்லை. நெடுநேரம் கழித்து, “நாளைக்கு என்னைத் தோட்டத்திற்கு அழைத்துப் போகிறாயா?” என்று மட்டும் கேட்டார்.

காலை உணவுக்குப்பின் குடும்பத்தினர் மகிழுந்தில் புறப்பட்டனர். ஈப்போவிலிருந்து வடக்கே ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ளது சுங்கை சிப்புட். அதையும் தாண்டிச் சென்றால் அரச நகரான கோலகங்சார் வரும். 1877ஆம் ஆண்டில் இந்நாட்டில் முதன்முதலில் நடப்பட்ட இரப்பர் மரங்களுள் ஒன்று அங்கே இன்றும் நிற்கிறது. அந்த மரத்தின் வழிவந்த காடுகளில்தான் பேராக் தமிழர் பலரின் வாழ்வு கழிந்தது.

சுங்கை சிப்புட் சாலையிலிருந்து செம்மண் பாதைக்குள் மகிழுந்து திரும்பியது. இருபுறமும் செம்பனை மரங்கள். ஒரு காலத்தில் லயத்து வீடுகள் வரிசையாக இருந்த இடத்தில் இப்போது புதர் மண்டிக்கிடந்தது. சிறிய மாரியம்மன் கோயில் மட்டும் வண்ணம் மங்கி நின்றது. ஆண்டுத் திதி முடியும்வரை கோயிலுக்குள் செல்வதில்லை என்பது குடும்ப வழக்கம். ஆகவே, பாட்டி வெளியிலிருந்தே கைகூப்பினார்.

“இங்கேதான் பெரட்டுக்களம். இருட்டிலேயே பேர் கொடுக்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் பால் வடிவது குறைந்துவிடும். அதனால்தான் நாங்கள் நான்கு மணிக்கு எழுந்தோம்,” என்றார் பாட்டி.

“இப்போது ஏன் நான்கு மணிக்கு எழுகிறீர்கள், பாட்டி?” என்று பேரன் கேட்டான்.

அம்மா அவனைக் கண்ணால் அடக்க முயன்றார். பாட்டியோ அமைதியாக, “உடம்பு இன்னும் தோட்டத்திலேயே இருக்கிறது, ஐயா,” என்றார்.

அவர் மேலும் பேசினார். மங்கில் சேரும் பாலை வாளியில் ஊற்றி, காண்டாவில் தோளேற்றி, கொட்டகைவரை சுமந்த கதையைச் சொன்னார். முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கியபோது தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்து தவித்ததைச் சொன்னார். அந்தத் துயரைத் தடுக்கவே துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நூறு வெள்ளிப் பங்கைத் தவணை முறையில், பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டலாம்.

“உங்கள் தாத்தாவுக்கு அப்போது மீசைகூடச் சரியாக அரும்பவில்லை. பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டி முடித்தார். அந்தப் பழக்கம் அவரை விடவே இல்லை. புந்தோங் வீட்டையும் அப்படித்தான் வாங்கினார்,” என்றார் பாட்டி.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். முதல் நாள் இரவு தாம் வாடகைக்கு விடலாம் என்று சொன்ன வீடு அது.

அப்போது பேரன் கோயிலின் பின்புறமிருந்து ஓடிவந்தான். அங்கே யாரும் வெட்டாமல் விட்ட முதிய பால்மரங்கள் நான்கைந்து நின்றன. அவன் கை நிறையப் புள்ளி போட்ட விதைகள்! பாட்டி ஒன்றை வாங்கினார். கல்லின்மீது பரபரவெனத் தேய்த்தார். சட்டென்று அவன் கையில் வைத்தார்.

“ஐயோ, சுடுது!” என்று அவன் துள்ளிக் குதித்தான்.

பாட்டி சிரித்தார். வாய்விட்டுச் சிரித்தார். மூன்று மாதங்களாக யாரும் கேட்காத சிரிப்பு அது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவர் கண்கள் நிறைந்தன.

“கல்யாணமாகி வந்த புதிதில் நான் ஊர் நினைப்பில் அழுதுகொண்டே இருப்பேன். ஒரு நாள் நிரையில் நின்றபோது உங்கள் தாத்தா இப்படித்தான் செய்தார். அன்றுதான் முதலில் சிரித்தேன்,” என்றார்.

அதற்குப்பின் அங்கே அமைதிக்கு இடமில்லை. பேரன் அப்பாவைத் துரத்தினான். அப்பா அம்மாவின் பின்னால் ஒளிந்தார். பேத்தி மண்ணில் பாதி புதைந்துகிடந்த ஒரு பழைய மங்கைக் கண்டெடுத்தாள். பாட்டி அதைத் தம் முந்தானையால் துடைத்து, மடியில் வைத்துக்கொண்டார்.

மாலையில் திரும்பும் வழியில், புந்தோங்கில் கச்சான் பூத்தே விற்கும் கடையின் முன் பாட்டி மகிழுந்தை நிறுத்தச் சொன்னார். முறுக்கு, கடலை, பட்டாணி எனப் பொட்டலங்கள் சேர்ந்தன. தாத்தா விரும்பிய காரக் கடலையையும் வாங்கினார். “அவர் இருந்தால் பாதியை வழியிலேயே முடித்திருப்பார்,” என்று பாட்டி சொல்ல, அனைவரும் சிரித்தனர். வீடு போய்ச் சேர்வதற்குள் பொட்டலத்தில் பாதி தீர்ந்திருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலை மணி நான்கு. பாட்டி வழக்கம்போல் இரண்டு குவளைகளோடு வாசலுக்கு வந்தார். தாத்தாவின் நாற்காலியில் போர்வையைப் போர்த்தியபடி பேத்தி அமர்ந்திருந்தாள்.

“தூங்கவில்லையா, கண்ணு?”

“எனக்கும் காப்பி வேண்டும், பாட்டி.”

பாட்டி சற்று நேரம் தயங்கி நின்றார். பிறகு, இரண்டாவது குவளையை அவளிடம் நீட்டினார். இருவரும் பேசாமல் குடித்தனர். காப்பி கசந்தது. ஆனால், பேத்தி ஒரு துளியும் மிச்சம் வைக்கவில்லை.

நண்பகலில் விடைபெறும்போது அப்பா வாடகைப் பேச்சை எடுக்கவில்லை. “அடுத்த சனிக்கிழமை வருகிறோம், அம்மா. வீடு இப்படியே இருக்கட்டும்,” என்றார்.

பாட்டி தலையசைத்தார். வாசல் திண்ணையில், தோட்டத்து மண்ணோடு வந்த மங்கில் ஒரு துளசிக் கன்று நடப்பட்டிருந்தது. அன்று வாழை மரத்தடி காய்ந்தே இருந்தது.